அடுத்தவர் பேரில் எழுதியவை

ஐந்தாம் வகுப்பு வரை எழுதுவது என்றால் எனக்குக் கைவலி. வேறொன்றும் இல்லை.

எங்கள் ஊர் கோபிக்கும் கவுந்தப்பாடிக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து வாய்க்கால் ஓரமாக ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே இருந்த தொடக்கப் பள்ளியில் சுவரின் அடிப்பாகம் முழுக்க, எங்கள் உயரத்துக்கு, கறுப்பு அடித்துக் கட்டம் கட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டம். 'அன்புக்கரசி' என்ற என் பேரை ஒரே வரியில் என் கட்டத்துக்குள் எழுதி முடிக்கவே முடியாது. கடைசி எழுத்து எப்போதும் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும். அந்தக் கட்டம் அருள்குமாருடையது. அவன் என் 'சி'யை உள்ளங்கையால் அழித்துவிட்டு, அழித்த கையை என் பாவாடையில் துடைப்பான். தினமும் இதே சண்டை.

அருள்குமாரால்தான் எனக்கு எழுத்து பிடித்துப்போனது என்று சொன்னால் இன்றைக்கு அவனே சிரிப்பான். ஆறாம் வகுப்பில் இரண்டு பேரும் அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். பண்ணாரி அம்மன் கோயிலில் தீ மிதிக்கும் குண்டம் பார்க்க அவன் வீட்டில் எல்லோரும் போனார்கள். இவனும் போய்விட்டான். மறுநாள் வந்து, லீவு லெட்டர் எழுதிக் கொடு என்று என் உயிரை எடுத்தான்.

எங்கள் வகுப்பில் எல்லா லீவு லெட்டரும் காய்ச்சலில்தான் ஆரம்பிக்கும். வாத்தியார் அதைப் படிப்பதுகூட இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, இப்படி எழுதினேன்: 'எங்கள் வெள்ளாடு நேற்று முன்தினம் மாலையிலிருந்து குட்டி போடப் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்பா லோடுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். ஆகையால் நான் ஆட்டின் பக்கத்தில் இருக்க வேண்டியதாயிற்று.'

வாத்தியார் முதல்முறையாக ஒரு லீவு லெட்டரை முழுக்கப் படித்தார். படித்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன குட்டிடா?"

"ரெண்டுங்க சார்."

"கெடாயா, மறியா?"

ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரியாமல் அருள்குமார் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் வீட்டில் ஆடே கிடையாது. வாத்தியாருக்கும் அது தெரிந்துபோனது. ஆனால் அவர் அடிக்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பரவால்ல, உக்காரு" என்றார்.

அன்றைக்கு ஒன்று விளங்கியது. காய்ச்சல் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அம்மாவுக்கு இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் என்றால் நம்பிவிடுவார்கள். யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மெனக்கெடாத ஒரு சின்ன விஷயம் உள்ளே இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பாதி வகுப்புக்கு நான் லெட்டர் எழுதியிருப்பேன். செத்துப்போகாத பெரியப்பாக்களைச் சாகடித்தேன். சோளத்தட்டுப் போரில் பாம்பை விட்டேன். கைவலி எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் அறையில் இருக்கிறேன். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, அந்த மூன்று வருடமும் சும்மாவே நினைவுக்கு வரும். மரத்தடியில் மண்ணில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து, சுற்றிலும் நாலு பேர் குனிந்து பார்க்க எழுதியது. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் பிறகு எதிலும் வரவில்லை.

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும், ஈரோட்டைத் தாண்டியிருந்த ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து ஆட்கள் வந்து ஒரு தேர்வு வைத்தார்கள். அதில் முதலில் வரும் ஐந்து பேருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து இலவசமாக இடம். எனக்குக் கிடைத்தது.

என் அப்பா மாசாணம் ஒரு வாழைக்காய் மண்டி முதலாளியிடம் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வரை படித்தவர். அம்மா பழனியாத்தாளுக்கு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. என்னை விடுதியில் கொண்டுபோய் விட அப்பா அந்த லோடு ஆட்டோவையே கேட்டு வாங்கி வந்தார். படுக்கையும் தகரப் பெட்டியும் பின்னால், வாழைச்சருகுக்கு நடுவில். அவர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். பள்ளியின் பெரிய வாசலுக்குள் கார்களுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த மனமில்லாமல், வெளியே ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அங்கே எழுத்து வேறு மாதிரி இருந்தது. எல்லாப் பாடத்துக்கும் 'மெட்டீரியல்' என்று அச்சடித்த கட்டு ஒன்று கொடுப்பார்கள். அதில் இருப்பதை ஒரு சொல் மாறாமல் எழுத வேண்டும். தினமும் மூன்று ஸ்லிப் டெஸ்ட். தலைப்புக்குக் கறுப்புப் பேனா, மேற்கோளுக்கு அடிக்கோடு, ஓரத்தில் இவ்வளவு இடம். தமிழ்க் கட்டுரையும் அப்படித்தான். 'மழைநீர் சேகரிப்பு' என்று முதல் மாதம் ஒரு கட்டுரை வந்தது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தும் நாளில் என்ன நடக்கும் என்று ஆரம்பித்து எழுதினேன். எட்டுக்கு இரண்டு மதிப்பெண். பக்கத்தில் சிவப்பு மையில் 'மெட்டீரியலில் உள்ளதை எழுதவும்' என்று இருந்தது. வகுப்பில் இருந்த மற்ற அறுபது பேரும் ஒரே கட்டுரை எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் அறுபத்தொன்று ஆனது.

என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் அக்ஷயாவுடையது. சத்தியமங்கலத்துப் பெண். வாழையும் கரும்புமாகப் பெரிய தோட்டம், கார், எல்லாம் உண்டு. வந்த புதிதில் அவள் வாய் மூடவே மூடாது. தோட்டத்து நாய், சித்தப்பன் பையன், அவளே பேர் வைத்த செவலைக் கன்று என்று பேசிக்கொண்டே இருப்பாள். தட்டில் கத்திரிக்காய் விழுந்தால் ஒரு ஊரே கேட்கும்படி அலறுவாள். ஆகஸ்டு மாதம் அந்தப் பேச்சு குறைந்தது. செப்டம்பரில் நின்றுவிட்டது. ஸ்லிப் டெஸ்ட்டுக்கு முன்னால் வாந்தி எடுத்தாள். தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது.

வீட்டுக்கு வாரம் ஒரு முறை போன் பேசலாம், ஐந்து நிமிடம். வார்டன் பங்காரம்மா பக்கத்திலேயே நிற்பார். மாதம் ஒரு முறை இன்லேண்டு லெட்டர் கொடுப்பார்கள். என்ன எழுத வேண்டும் என்பது பலகையில் இருக்கும். 'நான் இங்கு நலம். நன்றாகப் படிக்கிறேன். நல்ல மதிப்பெண் எடுப்பேன்.' நடுவில் நாலு வரி சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பங்காரம்மா மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் பெட்டிக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் கல்லில் அக்ஷயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாளியில் துணி ஊறிக்கொண்டே இருந்தது. அவள் அலசவில்லை.

"அன்பு, எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தருவியா?"

"நீயே எழுதலாமே."

"எழுத உக்காந்தா படிச்சதே வருது புள்ள. எங்கம்மாளுக்கு என்ன சொல்றதுன்னே தெரீல. போன்ல அந்தம்மா நின்னுட்டே இருக்குது. நல்லாருக்கேன்னு சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு."

"என்ன சொல்லோணும் உங்கம்மாகிட்ட?"

அவள் ஊறிய துணியை விரலால் ஒரு தடவை அமுக்கினாள். பிறகு, "அந்தக் கன்னுக்குட்டி பேரு மறந்துபோச்சு அன்பு" என்றாள். "நேத்து பூரா நெனச்சுப் பாத்தேன். நாந்தான் வெச்சேன் அந்தப் பேர." அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

வார்டன் கண்ணில் தப்ப வேண்டும், அம்மா கண்ணில் படவேண்டும். இரண்டு நாள் யோசித்து எழுதினேன்.

'அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும், நான் இங்கு நலம். நன்றாகப் படிக்கிறேன். அம்மா, நீ சொன்னபடியே இப்போதெல்லாம் நான் வாயாடுவதில்லை. போன வாரம் முழுக்கப் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கத்திரிக்காயை ஒதுக்குவதும் இல்லை. எது வைத்தாலும் சாப்பிட்டுவிடுகிறேன். எல்லாம் ஒரே ருசியாகத்தான் இருக்கிறது. சடை பின்னவும் நேரம் ஆவதில்லை, முடி இப்போது பாதிதான். காலையில் யாரும் எழுப்ப வேண்டியதில்லை, மணி அடிக்கும் முன்பே விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். செவலைக் கன்று எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அதன் பேர் ஞாபகம் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். நல்ல மதிப்பெண் எடுப்பேன்.'

அக்ஷயா தன் கையால் அதைப் பார்த்து எழுதினாள். பங்காரம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றி அக்ஷயாவை ஒரு தடவை பார்த்தார். "அக்ஷயா எத்தன பொறுப்பாயிட்டா பாருங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, லெட்டரை ஒட்டிப் பெட்டியில் போட்டார்.

அது வியாழக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை, அறிவியல் ஸ்லிப் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது, வகுப்பு வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். வீட்டில் கட்டும் நூல்சேலை, முந்தானை எல்லாம் அடுப்புக் கரி. கூட வந்த ஆபீஸ் ஆள் ஏதோ சொல்லித் தடுக்கப் பார்த்தார். அவர் நேராக உள்ளே வந்து அக்ஷயாவின் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். விரல் தடிமன்கூட இல்லை.

"மல்லி, கண்ணு" என்றார். "அதும்பேரு மல்லி. அது கன்னு போடறதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. வா, போலாம்."

அன்று மாலையே அவள் கட்டில் காலியாகிவிட்டது. பிறகு சத்தியிலேயே அரசுப் பள்ளியில் படித்தாள். ஒரு வருடத்தில் பழையபடி வாயாடி ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இப்போதும் எனக்கு ஏழு நிமிடம், எட்டு நிமிடம் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள்.

யார் எழுதிய லெட்டர் என்பது விடுதியில் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, வார்டனுக்கு மட்டும் தெரியாது என்று நினைத்துக்கொண்டோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துணி துவைக்கும் கல்லுக்கு வந்தார்கள். சிலருக்கு நிஜமாகவே கஷ்டம் இருந்தது. அவர்களுக்கு எழுதினேன். எனக்குத் தலை கனத்துப்போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் எழுதினால் சத்தியமங்கலத்திலிருந்து கார் கிளம்பி வருகிறது. அந்த நினைப்பிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

ஜனவரியில் சண்முகப்ரியா வந்தாள். பவானிப் பெண். அப்பா நஞ்சுண்டன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அத்தை மகள் கல்யாணத்துக்குப் பள்ளியில் லீவு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"ரெண்டே நாளு அன்பு. எங்கப்பா வந்து கூப்புட்டா அனுப்பிருவாங்க. அக்ஷயாளுக்கு எழுதுனாப்புல எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். கரும்பலகை கொஞ்ச நாளாக மங்கலாகத் தெரிகிறது என்று எழுதினேன். நேற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழ மறந்துவிட்டேன், தோழிகள்தான் வந்து கூட்டிப் போனார்கள் என்று எழுதினேன். கவலைப்பட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் எழுதினேன். ஒரு தடவைதான் எழுதலாம் என்றிருந்தேன், இரண்டாவது 'கவலைப்பட வேண்டாம்' தான் வேலை செய்யும் என்று தோன்றியது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அக்ஷயாவின் லெட்டரைவிட இது நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

நஞ்சுண்டன் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து அதைப் படித்திருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறார். வழியில் ரோட்டோரம் கரும்பு ஏற்றி நின்ற டிராக்டர் டிரெய்லரைக் கவனிக்கவில்லை. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள்.

சேதி வந்ததும் சண்முகப்ரியா கத்திக் கதறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். தாளாளர் அறையில் நாற்காலிகள் இருந்தன. அப்பா உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இனாமா சீட்டு குடுத்ததுக்கு உம் பொண்ணு செஞ்ச வேலையைப் பாத்தியா?" என்றார் தாளாளர்.

"தப்புத்தானுங்க" என்றார் அப்பா. "புள்ள தெரியாம செஞ்சுபோட்டுதுங்க."

மதிப்பெண் வாங்கும் பிள்ளை என்பதால் என்னைப் பள்ளியைவிட்டு அனுப்பவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். தாளாளர் சொல்லச் சொல்ல எழுதினேன். வெளியே வந்ததும் அப்பா கேட்டார்.

"அந்த லெட்டரு நீ எழுதுனதா, அம்மணி?"

"ஆமாப்பா."

அப்பா முன்னால் நடந்தார். வாசலில் நின்று, "நேரத்துக்குச் சாப்புடு கண்ணு" என்றார். லோடு ஆட்டோ அன்றும் வெளியேதான் நின்றது.

அவர் போன பிறகு பங்காரம்மா என்னை விடுதிக்குக் கூட்டிப்போனார். அடிப்பார் என்று நினைத்தேன். மைதானத்தைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்.

"அக்ஷயா லெட்டரு அவ எழுதல, நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். படிச்சேன். அந்தப் புள்ள ஊட்டுக்குப் போறதுதான் நல்லதுன்னு எனக்கும் தோணுச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

நான் நின்றுவிட்டேன்.

"ஆனா சண்முகப்ரியா லெட்டரு பொய்யின்னு எனக்குத் தெரியலயே, அன்பு. அதும் அப்படியே நெசமாட்ட இருந்துச்சு. அதையும் நெசம்னு நம்பித்தான் போட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அவர் கண்ணுக்கு மட்டும் அல்ல, எனக்கே இரண்டு லெட்டரும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அக்ஷயாவின் செவலைக் கன்றும் நான் இட்டுக்கட்டிய படிக்கட்டும் ஒரே கையால் எழுதியவை. அந்த ஆண்டு முடிவில் சண்முகப்ரியாவைக் கூட்டிப்போக நஞ்சுண்டன் ஊன்றுகோலோடு வந்தார். நான் மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். காரில் ஏறக் காலைத் தூக்க முடியாமல், இரண்டு கையாலும் தன் தொடையைப் பிடித்து உள்ளே எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில்கூடப் பலகையில் இருப்பதை மட்டும் எழுதினேன். பத்தாம் வகுப்பில் நானூற்று எண்பத்தேழு. தமிழில் தொண்ணூற்றெட்டு. பள்ளி வாசலில் என் படம் போட்ட பெரிய பேனர் வைத்தார்கள். அம்மா பஸ்ஸில் வந்து அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தத் தொண்ணூற்றெட்டில் ஒரு வாக்கியமாவது என்னுடையதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மனப்பாடம் செய்து எழுதினால் யாருக்கும் கால் உடையாது.

பதினொன்றாம் வகுப்புக்கு அங்கே இருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக் கோபியில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன். தினமும் பஸ். பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்த ஜூன் மாதம், காலை பஸ்ஸில் ஒரு புதுக் கண்டக்டர் வந்தார். கம்பியில் சாய்ந்துகொண்டே டிக்கெட் போட்டார். பஸ் திரும்பும்போதெல்லாம் வலது காலை ஊன்றாமல் ஒற்றைக் காலில் நின்றார். எனக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. பாஸைக் காட்டச் சொன்னார். நீட்டினேன். பேரைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன். பள்ளிக்கு நேரமாகிவிடும், வெளியே நிற்க வைப்பார்கள். நின்றேன். பத்து நாள் அப்படிப் போனது. ஒரு நாள் மாலை கோபி பஸ் நிலையத்தில் ஊருக்குப் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவருடைய வண்டி என்று தெரியாது. கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. பஸ்ஸில் வேறு ஆளில்லை. அவர் முன் சீட்டில் காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்கண்ணு, காலைல பஸ்ஸு மாத்திட்டயாட்டிருக்குது?" என்றார் திரும்பாமலே.

எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். இரண்டரை வருடமாக மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "நாந்தானுங்க அந்த லெட்டரு..." என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"தெரியும்" என்றார். "பாஸுல பேரைப் பாத்ததும் தெரிஞ்சுது. என்ற புள்ள சொல்லிருக்குது."

"மன்னிச்சுக்கோங்க."

அவர் கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "கோவம் இருந்துச்சு கண்ணு. இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆசுபத்திரில கெடந்தப்ப உன்னயப் பாத்தா நாலு அறை விடோணும்னு இருந்துச்சு. இப்ப பாத்தா, நீயே சின்னப் புள்ளையா இருக்கறே." பிறகு சட்டென்று சிரித்தார். "ஆனா ஒண்ணு. சோத்துத் தட்ட வெச்சுப்போட்டு ஓடுனேன் பாரு. என்ற வாழ்க்கைல ஒரு காயிதம் அப்படி என்னய எந்திரிக்க வெச்சதில்ல."

நான் தலை குனிந்து நின்றேன்.

"உக்காரு. ஒரு வேலை செஞ்சு குடு எனக்கு."

எட்டு மாதம் விடுப்பில் இருந்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறியிருந்தார். நின்றுகொண்டே வேலை செய்ய முடியவில்லை. லைட் டூட்டி, அதாவது உட்கார்ந்து செய்யும் வேலை, கேட்டு இரண்டு தடவை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ எழுதிக் கொடுத்த மனுவின் நகலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். 'சமூகம் அவர்களுக்குப் பணிவான வணக்கத்துடன்' என்று ஆரம்பித்து, 'தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு' என்று முடிந்தது. நடுவில் அவர் கால் எங்கேயும் இல்லை.

"நான் எழுதறதில்லீங்க இப்ப" என்றேன்.

"ஏனாம்?"

சொன்னேன். பொய்யும் நிஜமும் ஒன்றுபோல வருகிறது என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பொய்யி எழுதாத, அவ்வளவுதான. நாஞ் சொல்றேன், நீ எழுது. நாஞ் சொல்லாதத எழுதுனா நான் சொல்லிருவேன்ல?"

ரஃப் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பஸ் படிக்கட்டு எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறார், எப்போது வலிக்கிறது என்று கேட்டேன். முதல் வரியாக, 'நாள் முழுதும் வலியால் துடித்தபடியே பணியாற்றுகிறேன்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"துடிக்கறதெல்லாம் இல்ல கண்ணு" என்றார். "காலைல ஒண்ணும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல குத்தும். நாலாவது டிரிப்புல கால் மரத்துப்போயிரும். அப்பக் குத்தறதும் தெரியாது. படில கால வெச்சனா இல்லியான்னு குனிஞ்சு பாத்துக்குவேன்."

'துடித்தபடியே' என்பதை அடித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். நாலாவது டிரிப்பில் காலைப் படியில் வைத்தேனா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன். நான் எவ்வளவு யோசித்தாலும் அந்த வரி எனக்கு வந்திருக்காது.

நாலு மாலை, பஸ் கிளம்புவதற்கு முன்னால் இருந்த அந்த இருபது நிமிடங்களில் எழுதினோம். நடுநடுவே நல்ல உவமை ஏதாவது தோன்றும். வாசித்துக் காட்டுவேன். "இது நாஞ் சொன்னனா?" என்பார். அடித்துவிடுவேன். கடைசியில் ஒரு பக்கம்கூட வரவில்லை. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "என்ன இது, இத்துனூண்டு இருக்குது" என்றார். பிறகு, "ஆனா செரியா இருக்குது" என்றார்.

ஆகஸ்டில் கொடுத்தார். மருத்துவக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. செப்டம்பர், அக்டோபர் போனது. அவர் ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் போட்டுக்கொண்டே இருந்தார், நான் ஒவ்வொரு நாளும் பாஸைக் காட்டிவிட்டுக் கண்ணாலேயே கேட்பேன், அவர் உதட்டைப் பிதுக்குவார். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை வேறு கண்டக்டர் வந்தார். உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோய்க் கேட்டேன். "நஞ்சுண்டனுங்களா? அவுரு டைம் ஆபீஸ்ல உக்காந்துட்டாருங்க" என்றார் அவர். அன்று மாலை போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மர நாற்காலியில், காலை ஸ்டூலில் நீட்டி வைத்து, வண்டி வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். "எந்திரிக்காதீங்க" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சையில் கட்டுரைக் கேள்விக்கு, மனதில் வரிசையாக நின்ற மெட்டீரியலை ஒதுக்கிவிட்டு நானாகவே எழுதினேன். கை வலித்தது. மார்ச் மாத வெயில், மின்விசிறி சத்தம், பக்கத்து வரிசையில் யாரோ பேனாவை உதறிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தொரு மதிப்பெண்தான் வந்தது. வகுப்பில் நிறையப் பேர் என்னைவிட அதிகம். தமிழ் டீச்சருக்கு வருத்தம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அந்த ஏப்ரலில் அப்பா பழைய லோடு ஆட்டோ ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மணி, வண்டிக்குப் பின்னால எல்லாரும் ஏதாச்சும் எழுதறாங்க. நம்முளதுக்கு நாலு வார்த்தை சொல்லேன்."

விடுதியிலிருந்து அவர் திரும்பிப்போன அந்த நாளுக்குப் பிறகு, என் எழுத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான். இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அவர் எப்படி ஓட்டுவார் என்று யோசித்தேன். வாழைத்தார் அடிபடக் கூடாது என்று மெதுவாகப் போவார், ஆனால் மண்டி மூடுவதற்குள் போயாக வேண்டும் என்று பதறிக்கொண்டே போவார். பின்னால் வருகிற வண்டி ஹார்ன் அடித்தால் கூசிப்போவார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'பழுக்கறதுக்குள்ள போயிடறேங்க, பொறுத்துக்கோங்க.'

அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது தோள் குலுங்கச் சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "உம் புள்ள என்னயக் கிண்டல் பண்றா பாரு" என்றார்.

பெயிண்டர் கடைக்கு நானும் கூடப் போனேன். அவர் சாக்பீஸால் பின்பக்கத் தகட்டில் அளவு பார்த்தார்.

"இடம் பத்தாதுங்கண்ணா. ரெண்டு 'ங்க' இருக்குது. அதை எடுத்துட்டா அழகா ஒக்காரும். 'போயிடறேன், பொறுத்துக்கோ.'"

"அதெப்படீங்க" என்றார் அப்பா. "பின்னால நாலு பேரு வருவாங்க. மரியாதையில்லாம போயிருமுங்க."

பெயிண்டர் என்னைப் பார்த்தார். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு தூரிகையை மஞ்சளில் நனைத்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி 'ங்க'வுக்கு வரும்போது தகடு முடிந்துவிட்டது. அதைச் சின்னதாக்கி, மூலையில் பின்விளக்குக்கு மேலே எப்படியோ உட்கார வைத்தார். அப்பா தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, ஈரம் காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.